அதற்கடுத்த குளிர்காலத்துக்கான விறகு

இந்த நினைவு மலரில் அக்காவின் கணவரான அத்தானைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அச்சில் இப்படிச் சொல்வது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அத்தானின் இருதயம் பலவீனப்பட்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அவர் அலையத் தொடங்கியதிலிருந்து, எங்கள் குடும்பத்தில் அடுத்த மலர் யாருக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் இருக்கும் சட்டனிலிருந்து அவரைப் பார்க்கப் போகும்போது பேருந்தில் இருந்தபடி ஒன்றிரண்டு வசனங்களைக்கூட மனதுக்குள் சேர்த்து வைத்திருந்தேன். அந்த வசனங்கள் அப்படியே கிடக்கின்றன. போனவர் என் அக்கா.

"இதை இப்பிடி எழுதலாமோ அத்தான்?" என்று கேட்டேன்.

"எழுதடா தம்பி. உண்மைதானே. என்னை வழியனுப்ப எல்லாரும் வெளிக்கிட்டு நிண்டியள். நான் இஞ்சை இருக்கிறன், அவ போட்டா" என்றார். அவர் உத்தரவு தந்துவிட்டார், எழுதுகிறேன். குறை சொல்ல நினைப்பவர்கள் அவரிடமே போய்ச் சொல்லட்டும்.

முறைப்படி பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் அக்கா யாழ்ப்பாணத்தில் நீர்வேலியில், வெங்காயமும் வாழையும் வைத்த ஒரு தோட்டக்காரரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் நான் ஒருவன்தான். அம்மா நோயில் கிடந்த வருத்தக்காரி. ஆகவே என்னைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது, காதைப் பிடித்துத் திருகியது எல்லாம் அக்காதான். பிறகு ஷெல்லடிக் காலம் வந்தது. வீட்டை விட்டு ஓடுவதும் திரும்பி வருவதுமாக எத்தனையோ தரம் நடந்தது. ஒவ்வொரு தரமும் ஐயா அம்மாவைத் தூக்கிக்கொண்டு படலை வரை போயிருப்பார். அக்கா மட்டும் கிணற்றடியில் நிற்பார். வாளியைக் கயிற்றோடு கழற்றி, துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் வருவார்.

"விசரி, உயிர் தப்பினாலெல்லோ தண்ணி அள்ளுறது!" என்று நான் கத்துவேன்.

"திரும்பி வந்தால் வாளி வேணுமெல்லே?" என்பார். திரும்பி வரமாட்டோம் என்ற நினைப்பு அவர் மண்டைக்குள் ஒருநாளும் ஏறியதில்லை. இதை வாசிப்பவர்கள் இந்த வாளிக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் முதலில் லண்டன் வந்தார். அக்கா கைக்குழந்தையோடு பின்னால் வந்தார். அந்தக் குழந்தைதான் அவர்களின் ஒரே மகள் துளசி. பிறகு நானும் வந்து சேர்ந்தேன். லூயிஷாமில் ஒரு சின்ன பிளாட். அதன் உள்நடையில்தான் எனக்குப் படுக்கை. அக்கா ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கும் இடத்தில் விடியற்காலை ஷிப்ட் செய்தார். பின்னர் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. இருவரும் ஒருவரை ஒருவர் விழித்த நிலையில் கண்டது ஞாயிற்றுக்கிழமையில் மட்டும்தான். அப்படியிருந்தும் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் எவருக்கும் அந்த வீட்டில் ஒரு தட்டுச் சோறு மூடி வைத்திருக்கும். இன்று பெரிய கடைகள் வைத்திருக்கிற சிலர் அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள். அவர்கள் செத்தவீட்டுக்கு வந்து அழுததை நான் பார்த்தேன், அவர்களுக்கு என் வணக்கம்.

இருவரும் ஓய்வு பெற்றதும் அக்கா ஒரு காரியம் செய்தார். லூயிஷாம் வீட்டைத் துளசியிடம் விட்டுவிட்டு, லண்டனின் தென் ஓரத்தில், காணியோடு சேர்ந்த ஒரு பழைய செங்கல் வீட்டுக்கு அத்தானையும் இழுத்துக்கொண்டு போனார். கவுன்சில் கணக்கில் அதுவும் லண்டன்தான். ஆனால் அங்கே காஸ் கிடையாது, தெருவிளக்குக் கிடையாது, பேருந்து தன் மனம்போல வரும். பின்னால் ஒரு கோழிக்கூடு, செடிகளுக்கு ஒரு கண்ணாடிக் கொட்டில், விறகுக்கு ஒரு மரக் கொட்டில். அதற்கப்பால் வயல்.

"அக்கா, உனக்கு விசரே?" என்று கேட்டேன்.

"ஓமடா. மண் விசர். உனக்கென்ன?" என்றார்.

அங்கே ஒக்டோபர் வந்தால் அக்காவைப் பிடிக்க முடியாது. சேலையைத் தூக்கிச் செருகி, மேலே அத்தானின் பழைய ஜம்பர், காலில் கம்பூட்ஸ், தலையில் கம்பளித் தொப்பி, தொப்பிக்குக் கீழே குங்குமப் பொட்டு. சரஸ்வதி பூசைக்குக் கோடரிக்கும் ஒற்றைச்சில்லு வண்டிலுக்கும் சந்தனம் வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்குவார். கறிவேப்பிலைச் சாடிகளை ஒவ்வொன்றாகக் குசினி யன்னலுக்கு மாற்றுவார். கூரைப் பீலியில் அடைத்த இலைகளை ஏணி வைத்து வாருவார். கோழிக்கூட்டின் ஓட்டைகளைப் பலகையால் அடைத்து உள்ளே வைக்கோல் போடுவார். முற்றத்தில் இருக்கும் வெளிப் பைப்பின் வால்வை உள்ளே பூட்டி, பைப்பில் நிற்கும் தண்ணீரைச் சொட்டில்லாமல் வடியவிட்டு, பழைய சேலைத்துணியால் சுற்றிக் கட்டுவார். தண்ணீர் நின்றால் உறைந்து பைப் வெடிக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்துக் காணிக்காரர் டேவிட். கந்தசஷ்டி விரதம் இருந்துகொண்டே இத்தனையும் செய்வார். "சாப்பாட்டு வேலை இல்லாத கிழமையிலைதான் வெளிவேலை ஓடும்" என்பார்.

இதிலெல்லாம் அத்தானுக்கு ஒரு வேலை இருந்தது: கதிரையில் இருப்பது. அக்கா ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வேலை செய்கிறாரோ அங்கே விரித்து, கம்பளியைச் சுற்றி அத்தானை இருத்திவிடுவார். பிறகு வேலை முடியும் வரை வாய் ஓயாது. குளிர் கூடிய நாளில் மட்டும் கதிரை குசினி யன்னலடிக்குப் போகும். கண்ணாடிக்கு உள்ளே அவர், வெளியே இவர், சைகையில் கதை நடக்கும். எங்களுக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கும்.

இந்த வருடம் இலை உதிரத் தொடங்கிய நேரம், டொக்டர் இருவரையும் கூப்பிட்டு இருத்தி, அத்தான் இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவது சந்தேகம், அடுத்ததைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துளசியும் கூட இருந்தவள். வீடு வந்ததும் அம்மா அழுவா என்று அவள் காத்திருந்தாளாம். அக்கா கம்பூட்ஸைப் போட்டுக்கொண்டு பின்னால் போய்விட்டார். டேவிட்டின் காணியில் புயலுக்கு விழுந்த ஒரு ஓக் மரத்தைத் துண்டு துண்டாக அறுத்து முற்றத்தில் கொட்டியிருந்தார்கள். அதைப் பிளந்து கொட்டிலில் அடுக்கத் தொடங்கினார்.

விரதம் முடிந்து பாறணை செய்த மறுநாளும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். குளிர் நாள். அத்தான் யன்னலுக்கு உள்ளே. நடந்ததை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ஒரு கட்டையை எடுக்கக் குனிஞ்சவ, அந்த விறகிலையே இருந்திட்டா. களைப்பாக்கும் எண்டு நினைச்சன். கொஞ்சம் பொறுத்து யன்னலிலை தடியாலை தட்டினன். திரும்பேல்லை. நான் தட்டினால் 'என்ன' எண்டு கையாலை கேப்பா. கேக்கேல்லை." அந்தப் படியைத் துணையில்லாமல் இறங்கக்கூடாது என்று அத்தானுக்குக் கட்டளை. இறங்கிப் போனார். தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டார். அத்தானுக்கு ஏதும் நடந்தால் அவரே அடிப்பதற்கென்று அக்கா காட்டிக் கொடுத்த இலக்கம் அது.

துளசி எனக்குப் போன் எடுத்து அழுதபோது, "அத்தான் எத்தினை மணிக்குப் போனவர் பிள்ளை?" என்று நான் கேட்டேன்.

"மாமா, அப்பா இல்லை. அம்மா."

"ஓம் பிள்ளை, அம்மாட்டைக் குடு, நான் கதைக்கிறன்."

"மாமா! அம்மாதான் மாமா!"

அதற்குப் பிறகும் எனக்கு விளங்கவில்லை. பேருந்தில் போகும்போது, அக்காவுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். நம்புங்கள், நான் புத்தி பேதலித்தவன் இல்லை. மூளை அந்தச் செய்தியை எடுக்க மறுத்துவிட்டது.

எனக்கு மட்டுமில்லை. செவன் கிங்ஸிலிருந்து மச்சாள் வந்தார். மச்சாள் என்றால் அத்தானின் தங்கை. யாரோ எப்படியோ அரைகுறையாகச் செய்தி சொல்லியிருக்கிறார்கள். காரை விட்டு இறங்கியதுமே, "என்ரை அண்ணை! என்னை விட்டிட்டுப் போட்டியே அண்ணை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். கதவைத் திறந்தது அத்தான். மச்சாள் ஒரு அலறல் அலறி அப்படியே படியில் சரிந்துவிட்டார். அத்தான் தடியை ஊன்றிக் குனிந்து, "நானில்லை பிள்ளை, அவ" என்று சொன்னார். அந்தக் குரலை இன்னும் என்னால் காதிலிருந்து எடுக்க முடியவில்லை.

பிரேத பரிசோதனை, பதிவு, கிரிமட்டோரியத்தில் நாள் கிடைப்பது என்று கிழமைகள் ஓடின. செத்தவீட்டில் வேலை தொடக்கூடாது என்று மச்சாள் சொன்னதால், அக்கா விட்ட கட்டைகள் வண்டிலில் விட்டபடியே இருந்தன. கோழிகளுக்கு மட்டும் அத்தான் தீன் போட்டார். அதை யாராலும் தடுக்க முடியவில்லை.

கிரியை நாளில் அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் வைத்து, வாய்க்கரிசி போட்டு, வழக்கப்படி அனுப்பிவைத்தோம். ஆண்கள் பெட்டியோடு போனோம். வீட்டில் நின்ற பெண்கள் மச்சாளின் தலைமையில் வீடு கழுவத் தொடங்கினார்கள். பிரேதம் போனபின் வீடும் முற்றமும் கழுவுவது எங்கள் முறை, அதில் பிழையில்லை. வெளிப் பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. வாய்க்கரிசிக்கு அரிசி எடுக்கப் போன யாரோ, அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒரு வால்வு இருந்ததைக் கண்டது ஞாபகம் வந்து, போய்த் திறந்துவிட்டார்கள். திறந்தவர் யார் என்று இன்றுவரை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அக்கா சுற்றிக் கட்டிய சேலைத்துணியை அவிழ்த்தெறிந்து, சுருட்டி வைத்த ஹோஸைக் கொண்டுவந்து பூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, முன்வாசலிலிருந்து கோழிக்கூடு வரை கழுவு கழுவென்று கழுவினார்கள். சுடலையிலிருந்து வந்த நாங்களும் அந்தப் பைப்படியில்தான் கால் கழுவினோம். ஊர் முற்றமென்றால் பொழுதுபடுவதற்குள் காய்ந்துவிடும். இது நவம்பர் கடைசி என்பது எங்களில் ஒருவருக்குக்கூட உறைக்கவில்லை.

விடிந்து பார்த்தால் முற்றம் முழுக்கக் கண்ணாடி. கோழிகளைப் பார்க்கப் போன நான் மல்லாக்க விழுந்தேன். வெயில் ஏறியதும் குசினிச் சுவருக்குள்ளிருந்து ஒரு சீறல் கேட்டது. பைப் வெடித்துத் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்தது. துளசி துவாய்களைக் கொண்டு ஓடிவந்தாள். மச்சாள், "ஐயோ, அண்ணி கட்டி வைச்சதை நாங்களெல்லோ அவிட்டம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் சிங்குக்குக் கீழே புகுந்து கையில் அகப்பட்டதையெல்லாம் திருகினேன்.

"தம்பி, வெளியிலை வா. அது சுடுதண்ணிப் பைப்" என்று பின்னால் குரல் கேட்டது. அத்தான் தடியோடு நின்றார். குசினி அலுமாரியைத் திறந்து, அரிசி மூட்டையைக் காலால் தள்ளி, வால்வைப் பூட்டினார். பிறகு வெளிப் பைப்பை இன்ன மாதிரித் திறந்து வடியவிடு என்று எனக்குச் சொன்னார். கண்ணை மூடித் திறப்பதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது.

"உங்களுக்கு என்னண்டு தெரியும் அத்தான்?"

"உன்ரை கொக்கா இதைப் பூட்டேக்கை எந்த நாளும் கதிரையிலை பக்கத்திலை இருந்தனான். பாக்காமல் கண்ணையே மூடிக்கொண்டிருந்தனான்?"

சிலர் பிறகு, அக்காவுக்குத் தன் முடிவு முன்பே தெரிந்திருக்கிறது, அதனால்தான் எல்லாவற்றையும் அத்தானுக்குப் பழக்கி வைத்தார் என்று கதைத்தார்கள். சும்மா கதை. அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. வேலை செய்யும்போது கதைக்க அவருக்கு ஆள் வேண்டும், அதற்குத்தான் அந்தக் கதிரை.

அன்று துளசி நனைந்த நிலத்தில் இருந்தபடியே சொன்னாள். "அப்பா, போதும். இஞ்சை தனிய இருக்கேலாது. இண்டைக்கு நாங்கள் இருந்தம். நாளைக்கு? ப்ளீஸ், லூயிஷாமுக்கு வாங்கோ. வீட்டைப் பூட்டுவம்." அவள் சொன்னது நியாயம். நானும் தலையாட்டினேன். மச்சாளும் ஆமோதித்தார்.

அத்தான் தடியை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போனார். ஐஸில் விழுந்துவிடுவார் என்று நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். டேவிட் அதற்குள் உப்பும் மணலும் கலந்து பாதையில் தூவியிருந்தார். நாலு பேரும் விறகுக் கொட்டிலுக்குப் போனோம்.

"முன்னுக்கு இருக்கிறது இந்த வின்டருக்கு" என்று தடியால் காட்டினார். "காஞ்சது. நடுவிலை இருக்கிறது வாற வருசத்துக்கு. உங்கை பின்னுக்கு, உன்ரை கொம்மா அடுக்கினது, அந்த ஓக். அது பச்சை விறகு பிள்ளை. ரெண்டு வருசம் காய வேணும். இப்ப எரிச்சால் புகைதான் வரும்."

துளசிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"டொக்டர் என்ன சொன்னவர்? நீயும் இருந்தனிதானே. வாற வின்டரைப் பற்றி யோசிக்க வேண்டாம் எண்டவர். கொம்மாவும் பக்கத்திலை இருந்து கேட்டவ. கேட்டுப்போட்டு நேர வந்து, அதுக்கும் அடுத்த வின்டருக்கு விறகு அடுக்கினவ." அவருக்கு மூச்சு வாங்கியது. "நான் இருப்பன் எண்டு நினைச்ச ஒரே ஆள் அவதான். நீங்கள் ஒருத்தரும் நினைக்கேல்லை. நானும் நினைக்கேல்லை. இப்ப நான் லூயிஷாமுக்கு வந்தால் இதை ஆர் எரிக்கிறது?"

எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று வாய்விட்டு அழுதேன். எனக்கு இவ்வளவு வயதாகிவிட்டது, அப்படி அழுதது அதுதான் முதல் தடவை. துளசி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில், "சரியப்பா. இந்த வின்டர் இஞ்சை இருந்து பாப்பம்" என்றாள்.

ஆகவே கிழமையில் பாதி நாள் துளசி, மீதி நாள் நான். வண்டிலில் கிடந்த கட்டைகளை நான்தான் அடுக்கி முடித்தேன். அத்தான் கதிரையில் இருந்து, "பட்டைப் பக்கம் மேலை பாக்க வையடா. கொக்கா அப்பிடித்தான் வைக்கிறவ" என்று ஒவ்வொரு கட்டைக்கும் சொன்னார். அதிகாரம் பண்ண ஒரு அக்கா இல்லாமல் போனாரே என்று நான் கவலைப்பட வேண்டியதில்லை போலிருக்கிறது. ஆனாலும் கட்டையை எடுக்கக் குனியும்போதெல்லாம் யன்னலைத் திரும்பிப் பார்க்கிறேன். அக்கா போய்விட்டார் என்பதை அவர் வேலையைச் செய்கிற என் கை நம்புகிறது, நான் இன்னும் நம்பவில்லை.

செய்தி கேட்டு ஓடிவந்து அக்காவின் உயிரைப் பிடிக்கப் போராடிய அம்புலன்ஸ் பிள்ளைகளுக்கும், அடுப்பு எரியாத நாட்களில் சாப்பாடு கொண்டுவந்து தந்த லூயிஷாம், சட்டன், செவன் கிங்ஸ் உறவுகளுக்கும், கிரியைகளை நடத்தித்தந்த ஐயருக்கும், உப்புத் தூவிய டேவிட்டுக்கும், முற்றம் கழுவிய பெண்களுக்கும், அந்த வால்வைத் திறந்தவர் யாரோ அவருக்கும் கூட, அத்தான், துளசி சார்பிலும் என் சார்பிலும் எங்கள் மனம் நிறைந்த நன்றி. முப்பத்தோராம் நாளான இன்று அந்தியேட்டிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய உங்கள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்தக் குளிர்காலம் போய், அடுத்ததும் போய், அதற்கடுத்தது வரும்போது அந்த ஓக் விறகு காய்ந்திருக்கும். அந்த அடுப்படிக்கு எல்லோரும் வாருங்கள். கதவைத் தட்டுங்கள். திறப்பவர் அத்தான்தான், ஒருவரும் அலறக்கூடாது.